பெரியநாயகிக்கு வளையல் கோத்த பவுனம்மாள்

காவிரிக் கரையோரம் நல்லாத்தூரில், பெரியநாயகி அம்மன் கோயிலைக் கூட்டிப் பெருக்கி வயிறு வளர்த்தவர் பவுனம்மாள். ஆடிப்பூரத்தன்று அம்மனுக்கு நடக்கும் வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் மாலை கோப்பது அவர் உரிமை. ஒவ்வொரு வளையலையும் காதருகே சுண்டிப் பார்ப்பார். ஓசை மங்கினால் விரிசல் என்று ஒதுக்கிவிடுவார்.

ஓராண்டு அவருக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து, கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். நோய் போய்விட்டது என்றார் டாக்டர். உடம்பு தேறியதா என்று ஊரே விசாரித்தது. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க ஒரு நாதியில்லை. கணவர் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். பட்டப்பகலில் உடம்பு தகிக்கும், அழுகை முட்டும். துடைப்பத்தோடு சந்நிதி முன் நின்று, "நீயாவது கேளேண்டி" என்று அம்மனிடம் சண்டை பிடிப்பார். அவர் கும்பிட்டது அப்படித்தான்.

அவ்வாண்டு ஆடிப்பூரத்தன்று மாலையோடு வந்தவரை, விழாக்குழுத் தலைவரின் மனைவி தனபாக்கியம் சந்நிதி வாசலில் மறித்தார். கர்ப்பப்பை இல்லாதவள் கோத்தது வளைகாப்புக்கு ஆகாதாம். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று வேறு சொன்னார். நல்லதாம்! கூடி நின்ற பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

பவுனம்மாளுக்கு உச்சந்தலை கொதித்தது.

"ஆகாதா? உள்ள இருக்காளே, அவ யாரை வயித்துல சுமந்தா? மூத்தவனை மஞ்சள்ல புடிச்சா. இளையவனைப் பொய்கையிலேருந்து வாரி எடுத்தா. அவளுக்குத்தானே வருஷா வருஷம் வளைகாப்பு போடுறீங்க? மொதல்ல அவளை வெளில அனுப்புங்க. அப்பறம் நான் போறேன்."

அந்த நேரம் அம்மனின் வலத்தோளிலிருந்து செவ்வரளி ஒன்று நழுவி விழுந்தது. வலப்பக்கம் பூ விழுந்தால் அம்மன் சம்மதம் என்பது அவ்வூர் வழக்கம். குருக்கள் அதைக் கையில் ஏந்தி வந்தார்.

"உத்தரவு ஆயிடுத்து. மாலையைக் குடுங்கோம்மா."

தனபாக்கியம் ஒதுங்கி வழிவிட்டார். மாலை அம்மன் கழுத்தில் ஏறியபோது, தையல் தைக்கும் கௌசல்யா கூட்டத்தை விலக்கி வந்து பவுனம்மாளின் கையைப் பற்றினார்.

"எனக்கும் எடுத்துட்டாங்கக்கா. நாலு வருஷமாச்சு. யார்ட்டயும் சொல்லல."

நாலு வருஷமா இவளை ஒளிச்சு வாழ வச்சுட்டாங்களே என்று பவுனம்மாளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. அத்தனை பேர் பார்க்க கௌசல்யாவை நடுவில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, இரு கையிலும் வளையல் அடுக்கினார். அன்று அழாத பெண் இல்லை.

அதன்பின் வெள்ளிதோறும் கர்ப்பப்பை எடுத்த பெண்கள் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் பவுனம்மாளைத் தேடி வந்தார்கள். பேசினார்கள், அழுதார்கள், திட்டித் தீர்த்தார்கள். பொறுத்துப் போ என்று ஒருத்தியிடமும் அவர் சொன்னதில்லை. பொறுக்க மறுத்த அந்தப் புண்ணியவதியின் திருவடிக்கு நம் வணக்கம்.