கண்ணை மூடத் தெரிந்த காவல்காரர்

நாவல்குளத்து விலங்குகளுக்குக் காவல்காரர் இல்லாமல் போனது. மரத்தின்மேல் இருந்து குரல் கொடுத்து வந்த மந்தி, மலைக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டது. பொழுது சாயும்போது எல்லோரும் தண்ணீர் குடிக்க வருவார்கள். செந்நாயும் அதே நேரம்தான் வரும்.

பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஆமையார் ஒருவர், ஆள்காட்டிக் குருவி இன்னொருவர்.

ஆமையார் நல்லவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரையும் ஏமாற்றியதில்லை. சாயும் சூரியனைக் கும்பிட ஆரம்பித்தால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு உருகிப்போவார். ஆள்காட்டியோ வாயாடி. இலை அசைந்தாலும் கத்தித் தொலைக்கும்.

"யாருக்குப் பக்தி அதிகமோ அவரே காவல்காரர்" என்றது கலைமான். "யார் அதிக நேரம் கண்ணை மூடிக் கும்பிடுகிறார்கள் என்று பார்ப்போம்."

காவல்காரருக்கு வைத்த பரீட்சையைப் பார்த்தீர்களா!

ஆமையார் இருட்டும்வரை அசையவில்லை. ஆள்காட்டி ஒரு நொடியில் கண்ணைத் திறந்துவிட்டது.

"ஏன் திறந்தாய்?" என்று அதட்டியது கலைமான்.

"என் முட்டை வெறுந்தரையில் கிடக்கிறது அண்ணே. நானும் கண்ணை மூடிக்கொண்டால் அதை யார் பார்ப்பது?"

"உனக்குச் சாமி உண்டா, இல்லையா?"

"அதை யோசிக்க எனக்கு நேரம் கிடைத்ததில்லை."

பரீட்சையில் ஆமையார் ஜெயித்தும், சிலர் ஆள்காட்டிதான் வேண்டும் என்றார்கள். அதனால் அவரவருக்குப் பிடித்தவர் பின்னால் போய் நிற்கச் சொன்னது கலைமான். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. மிச்சம் இருந்தவள் வெள்ளச்சி என்ற முயல். அவளுக்கு இரண்டு குட்டிகள். போன மாதம் பருந்து இறங்கியபோது ஆள்காட்டி கத்தியதால்தான் அவை பிழைத்தன. அதனால் குருவி பக்கம் நாலு எட்டு வைத்தாள்.

"சாமிக்குப் பயப்படாதது உன் பிள்ளைகளுக்கு என்ன செய்யும், வெள்ளச்சி?" என்றது கலைமான்.

வெள்ளச்சி நின்றாள். திரும்பினாள். மறுபடியும் நின்றாள். நல்லவரை விட்டுவிட்டால் பாவம் வந்து சேருமோ? ஆனால் அந்தப் பருந்து? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் ஆமையார் பின்னால் போய் நின்றாள்.

மறுநாள் பொழுது சாய்ந்தது. "பயப்படாதீர்கள், எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்" என்று ஆமையார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கூட இருந்தவர்களும் கண்ணை மூடினார்கள்.

"ஓடுங்கள்! செந்நாய், ஓடுங்கள்!" என்று ஆள்காட்டி தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

"பதவி கிடைக்காத எரிச்சல்" என்று முணுமுணுத்தது கலைமான். கும்பிடும்போதுகூட இந்தச் சனியன் வாயை மூடாதா என்று வெள்ளச்சி கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

திறந்தபோது அவள் பக்கத்தில் ஒரு குட்டிதான் இருந்தது.

ஆமையார் அழுதார். நிஜமாகவே அழுதார். "உன் பிள்ளைகளுக்காகத்தானம்மா வேண்டிக்கொண்டிருந்தேன்."

"தெரியும் ஐயா. உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை" என்றாள் வெள்ளச்சி. "உங்களுக்குக் கும்பிடத் தெரியுமா என்றுதான் எல்லோரும் பார்த்தோம். காவல் காக்கத் தெரியுமா என்று பெற்றவள் நானாவது கேட்டிருக்க வேண்டாமா?"

ஒருவர் எப்படிக் கும்பிடுகிறார் என்பது அவருக்கும் அவருடைய சாமிக்கும் உள்ள விஷயம். பதவி கேட்டு வருகிறவரிடம் அந்த வேலை தெரியுமா என்றுதான் நாம் கேட்க வேண்டும்.