பூரணம் அம்மையார் கேட்ட தழல்

கிருபாபுரம் தேவாலயத்தின் மதிலை ஒட்டி, வாகை மரத்தடியில் தள்ளுவண்டி ஒன்றை நிறுத்திக்கொண்டு, ஊரார் உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டுப் பிழைத்தவர் பூரணம் அம்மையார். கணவரை இளவயதிலேயே இழந்தவர், பிள்ளை இல்லை. விடிந்ததும் பெட்டியில் கரியை நிரப்பி, கங்கு சிவக்கும்வரை விசிறிக்கொண்டே ஜெபிப்பார். கரி சிவந்தால் ஆமென் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவார். ஞாயிறுதோறும் குருவானவரின் வெள்ளை அங்கியும் திருவிருந்து மேசை விரிப்பும் அவர் கையால் தேய்க்கப்பட்டுத்தான் ஆலயத்துக்குள் போகும். அதற்குக் கூலி வாங்கியதில்லை. “நான் உள்ள போயி பிரசங்கமா பண்ணப்போறேன்? என் கை பட்ட துணியாவது பீடத்துக்கிட்ட கெடக்கட்டும்” என்பார்.

அந்த ஒரே பாக்கியத்தையும் சற்குணம் கெடுத்தான். பெற்றவர்கள் என்ன நினைத்து அந்தப் பெயரை வைத்தார்களோ! அடுத்த இடத்தில் டீக்கடை வைத்திருந்த ஒண்டிக்கட்டை. டம்ளர் கழுவிய தண்ணீரை ஊற்ற அவனுக்குத் தெருவில் இடமா இல்லை? அம்மையாரின் கரிச்சாக்கின் மேல்தான் ஊற்றுவான். ஈரக்கரி புகையும், பொறி தெறிக்கும், துணிக்காரர்கள் வந்து அம்மையாரை ஏசுவார்கள். அவன் பெஞ்சில் சாய்ந்துகொண்டு, “என்ன யக்கா, இன்னைக்கு ஜெபம் ரொம்பப் புகையுது?” என்று கேட்பான்.

ஓர் ஈஸ்டருக்கு முந்தின நாள், அப்படித் தெறித்த பொறி குருவானவரின் அங்கியில் ஓட்டை போட்டுவிட்டது. அம்மையார் நடந்ததைச் சொன்னார். சற்குணம் ஒன்றும் அறியாதவன்போல் கையை விரித்தான். சபைக் கமிட்டியார் கூடிப் பேசி, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று முடிவுகட்டி, ஆலயத் துணிகளை டவுன் சலவைக்கடைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். கரிச்சாக்கை ஒரு தடவை தொட்டுப் பார்க்க அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கமிட்டி என்றால் அப்படித்தான்.

அன்றிலிருந்து அம்மையாரின் ஜெபம் மாறிப்போயிற்று. வேதத்தில் எங்கெங்கே வானத்திலிருந்து அக்கினி விழுந்தது என்பது அவருக்கு மனப்பாடம். சோதோம்மேல் விழுந்தது. எலியாவைப் பிடிக்க வந்த சேவகர்மேல் விழுந்தது. மோசேயை எதிர்த்துத் தூபகலசம் ஏந்தியவர்களை விழுங்கியது. சற்குணத்தின் கடைமேல் மட்டும் ஒரு பொறிகூட விழவில்லை. “ஓலைக்கூரைதான் ஆண்டவரே, லேசாப் பத்திக்கிடும்” என்று ஆண்டவருக்கு வழியும் சொல்லிப் பார்த்தார். மறுநாள் மழை பெய்தது.

இந்த நிலையில் ஒரு ஞாயிறு, பகைவனுக்குப் பசித்தால் சோறு போட வேண்டும் என்று குருவானவர் பிரசங்கித்தார். அப்படிச் செய்கிறவர் பகைவனின் தலையில் எரியும் தழலைக் குவிக்கிறார் என்று வேதத்தில் எழுதியிருப்பதையும் சொன்னார். அதற்குப் பொருள் என்னவென்று அவர் விளக்கியது எதுவும் அம்மையாரின் காதில் ஏறவில்லை. தழல் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார். இவ்வளவு சுலபமான வழி இருக்க, வீணாகத் தொண்டை வறள ஜெபித்தோமே என்று தம்மையே நொந்துகொண்டார்.

மறுநாள் மத்தியானமே தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் சற்குணத்தின் கடைக்குப் போயின. அவன் முதல் கவளத்தை நாய்க்குப் போட்டுப் பார்த்தான். நாய் வாலாட்டியது. பிறகு உட்கார்ந்து சட்டியை வழித்துத் தின்றான்.

அம்மையார் அவன் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். வழுக்கைதான் பளபளத்தது. தினமும் சோறு போயிற்று, தினமும் பார்த்தார். கன்னம் உப்பியது, தொந்தி விழுந்தது, தழலை மட்டும் காணோம். போதாக்குறைக்கு, “உப்பு கொறச்சலா இருக்கு யக்கா, நாளைக்கு மீன் வையுங்க” என்றான் அந்த மகராசன். அன்று அம்மையார் விசிறியைத் தரையில் எறிந்தார். “ஆண்டவரே, நானும் கங்கு வச்சுப் பொழைக்கிறவதான். கால் மணி நேரத்துல செவந்துரும். ஒமக்கு ஏன் இம்புட்டு நேரம்?” என்றார். ஆனாலும் மறுநாள் மீன் வைத்தார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கடை திறக்கவில்லை. அம்மையார் தூக்குச்சட்டியோடு கதவைத் தள்ளிப் பார்த்தார். சற்குணம் பாயில் சுருண்டு கிடந்தான். நெற்றியில் கை வைத்தவர் சுட்டதுபோல் எடுத்துக்கொண்டார். இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது.

“தலையில தீயக் கொட்டுன மாதிரி எரியுது யக்கா” என்று அவன் முனகினான். “ஒங்க கரியில தண்ணி ஊத்துனேம்லா. ஆண்டவர் என்னைய எரிக்காரு.”

அம்மையார் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். “ஆண்டவர் மேல பழி போடாத தம்பி. நான்தான் கேட்டேன். ஒனக்குச் சோறு போட்டதெல்லாம் அதுக்குத்தான்.”

அவன் சிரமப்பட்டுக் கண்ணைத் திறந்தான். “அப்போ அந்தக் கருவாட்டுக் கொழம்பு?”

“அதுவும்தான்.”

தெருவில் போனவரைக் கூப்பிட்டு டாக்டருக்குச் சொல்லியனுப்பினார். டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். அம்மையார் துணியை நனைத்து நனைத்து அவன் தலையில் போட்டபடி ஆண்டவரோடு சண்டைக்கு நின்றார். “கேட்ட அன்னைக்கெல்லாம் குடுக்கல. இப்பம் யாரு கேட்டா? எடும் ஆண்டவரே! இவன் தலையில இருந்து எடும். எங்கயாவது கொட்டியே ஆகணும்னா என் தலையில கொட்டும்.” விளக்கு வைக்கும் நேரத்தில் சற்குணத்துக்கு வேர்த்தது. காய்ச்சல் இறங்கித் தூங்கிப்போனான்.

அப்போதுதான் அம்மையாருக்கு வண்டியின் நினைவு வந்தது. காலையில் மூட்டிய பெட்டியை மூடாமலே விட்டு வந்திருந்தார்; பகல் முழுக்க மழை. ஓடிப்போய்ப் பார்த்தார். பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. அந்தத் தண்ணீருக்குள் கங்கு, ஒரு கரியும் சாம்பலாகாமல், காலையில் சிவந்தபடியே சிவந்து கிடந்தது.

எரிந்தும் கருகாத முட்செடிக்குள்ளிருந்து ஆண்டவர் பேசியபோது மோசே மிதியடியைக் கழற்றினார். அம்மையாருக்குக் கழற்ற மிதியடி இல்லை. “இவ்வளவு நேரமும் இங்கனதான் இருந்தீராக்கும்?” என்று கேட்டவருக்கு அழுகை பொங்கி வந்தது. “உள்ள வந்து ஒரு கை துணி நனைச்சுத் தந்திருக்கலாம்லா!”

இனி சற்குணத்தை அவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவர் செய்த முதல் வேலை, கமிட்டியார் முன்னால் போய் நின்று, தண்ணீர் ஊற்றியது நான்தான் என்று சொன்னது. அந்தச் சனிக்கிழமை, ஆலயத்து வெள்ளைத் துணி மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு வாகை மரத்தடிக்கு வந்தார். அம்மையார் பழக்கதோஷத்தில் அந்தத் தலையைப் பார்த்தார். தழல் கேட்டுக் காத்திருந்த இடத்தில் குருவானவரின் அங்கி இருந்தது.

“பாத்து எறக்கும் தம்பி, கசங்கிராம” என்று மட்டும் சொல்லிவிட்டு, கரியை விசிறத் தொடங்கினார்.

தாம் கேட்ட அக்கினியைத் தம் தலைமேல் ஏற்கத் துணிந்த பூரணம் அம்மையாரின் அன்பில் நமக்கும் ஒரு கங்கு கிடைக்கட்டும்.