குகதாசன் இறங்கப் பழகினார்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. சுவிட்சர்லாந்தில் இருக்கும் தோழி ஒருத்தி சொன்னாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால், "இங்க எல்லாருக்கும் தெரியும்" என்கிறாள். கேட்டபடியே எழுதுகிறேன்.

குகதாசன் கோபத்தோடுதான் நிதுர்ஷாவிடம் வந்தார்.

"பிள்ளை, நீ தந்த பயிற்சி எனக்குக் காணாது. இன்னும் கடுமையாத் தா."

நிதுர்ஷா அவருடைய மகளைவிட இளையவள். பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கு, பனி விழுவதற்கு முன்பே கால்களைத் தயார்ப்படுத்தக் கற்றுக்கொடுப்பவள்.

"ஏன் மாமா காணாது?"

"போன வருசம் மலையில பாதி வழியில தொடை நடுங்கிப் பனியில குந்தி இருந்திட்டன். கூட வந்த பொடியள் கீழ நிண்டு பாத்தாங்கள். இந்த முறையும் அப்பிடியெண்டா சறுக்குப் பலகையை வித்துப்போடுவன்."



அகதியாக வந்த காலத்தில் அந்த மலையடிவார உணவகத்தில்தான் அவர் கோப்பை கழுவினார். வெள்ளைக்காரர்கள் சறுக்கி இறங்குவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே கழுவினார். நாற்பது வயதுக்குப் பிறகுதான் பனியில் கால் வைக்க முடிந்தது. இப்போது அறுபதை நெருங்குகிறார்.

"நான் சொன்னதைச் செய்யிறியளோ?"

"அது கிழவருக்கானது. நான் பழையபடி எங்கட கட்டடத்துப் படியெல்லாம் ஓடி ஏறுறன்."

"பிறகு?"

"பிறகென்ன, லிஃப்டில இறங்கி வந்து திரும்ப ஏறுவன்."

"ஏன் லிஃப்ட்?"

"இறங்கேக்க முழங்கால் நோகுது. அதோட, இறங்கிறதில என்ன பயிற்சி? உருட்டி விட்டாக் கல்லும்தான் இறங்கும்."

நிதுர்ஷா அவரோடு அந்தக் கட்டடத்துக்குப் போனாள்.

அவர் சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டு படிக்கட்டில் கால் வைத்தார். அவள் லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள்.

"என்ன பிள்ளை, அதுக்குள்ள களைச்சிட்டியோ?"

"இதில ஏறுங்கோ மாமா."

மேல்மாடியில் கதவு திறந்தது.

"மலையில மேல எப்பிடிப் போவியள்?"

"கம்பியில தொங்கிற கதிரையில."

"கீழ?"

குகதாசன் கீழே இறங்கும் படிகளை எட்டிப் பார்த்தார்.

"இப்ப இறங்குங்கோ. மெதுவா. கால் வைக்கிற சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது."

முதல் படியிலேயே கேட்டது.

கைப்பிடியைப் பிடித்தார். ஒரு தொடை முழு உடம்பையும் தாங்கும்வரை பொறுத்து, மறுகாலை இறக்கினார். சத்தம் இல்லை. இன்னொரு படி. இன்னொன்று.

பாதி வழியில் தொடை நடுங்கியது.

"நிக்கட்டோ, ரீச்சர்?" அவளை அவர் ஆசிரியை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நடுங்க முதலே நிண்டிருக்கோணும். இருந்து ஆறுங்கோ."

"நாப்பதுகளில நடுங்க நடுங்க இறங்கினனான்."

"அப்ப உங்கட கால் உங்களைப் பொறுத்துக்கொண்டுது. இப்ப நீங்கள் அதைப் பொறுங்கோ."

அவர் படியில் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள்.

பிறகு எழுந்து, கடைசிப் படிவரை சத்தமில்லாமல் இறங்கினார். திரும்பி, குனிந்து, அவள் காலைத் தொடப் போனார்.

அவள் துள்ளி விலகினாள்.

"ஐயோ மாமா, என்ர காலை ஏன்? தொடுறதெண்டா உங்கட காலைத் தொடுங்கோ!"

குகதாசன் குனிந்தபடியே நின்றார். பிறகு இரண்டு கைகளாலும் தன் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் விடவில்லை.

பின்னால் விசாரித்து உறுதி செய்துகொண்டேன். அந்தக் குளிர்காலம் அவர் மலையில் பல இடங்களில் நின்று நின்று இறங்கியிருக்கிறார். கூடப் போன பையன்கள் கீழே அவருக்காக வாங்கி வைத்திருந்த தேநீர் ஆறிப்போய்விட்டது. அதையே சந்தோஷமாக வாங்கிக் குடித்தாராம்.