கோபுரச் சுழிக் கிடாரி

ஊற்றங்காட்டில் மூன்று கிழப் பசுக்களும் ஒரு காளையும் இருந்தன. கூட்டமே அவ்வளவுதான்! போன வருஷம் வரைக்கும் முப்பது உருப்படி இருந்தது. கோமாரி நோய் வந்தது. வாயிலும் குளம்பிலும் புண் வந்து ஒவ்வொன்றாகப் படுத்தன. படுத்தவை எழுந்திருக்கவில்லை.

மிச்சமிருந்த மூன்று பசுக்களும் இனிமேல் கன்று போடுகிற வயசில் இல்லை. காளை மொட்டைக்கொம்பனுக்கும் பின்னங்கால் இழுக்க ஆரம்பித்துவிட்டது. இந்த வருஷமே ஒரு கிடாரி வரவேண்டும். கன்று போடாத இளம் பசுவைத்தான் கிடாரி என்பார்கள். அது வந்து சினை பிடிக்காவிட்டால் கூட்டம் இத்தோடு சரி.

கூட்டத்துக்குத் தலைவி சாம்பி என்ற சாம்பல் நிறப் பசு. கிடாரி தேடி மூன்று சந்தை ஏறி இறங்கிவிட்டாள். முதல் சந்தையில் பார்த்த கிடாரிக்குக் குளம்பு விரிந்திருந்தது. இரண்டாவது சந்தையில் பார்த்தது கிட்டே போனாலே உதைத்தது. மூன்றாவது சந்தையில் எல்லாம் பிடித்திருந்தது. ஆனால் இவள் போவதற்குள் வேறு கூட்டம் ஓட்டிக்கொண்டு போய்விட்டது.

"தம்பி, அக்கரைப் புளியந்தோப்புச் சந்தைக்குப் போவோம். இதுதான் கடைசி. இதுக்கு மேல எனக்கு நடக்கத் தெம்பு இல்ல" என்றாள் சாம்பி.

"சரிக்கா" என்றான் மொட்டைக்கொம்பன். அவனுக்கும் தெம்பு இல்லை. ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை.

இரண்டு நாள் நடந்தார்கள். ஆற்று மணல் வேறு சுட்டது. சந்தைக்குள் நுழையும்போதே சாம்பிக்கு எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

ஒரு கட்டை மேல் ஓணான் உட்கார்ந்திருந்தது. புளியந்தோப்பில் அதுதான் தரகர்.

"வாங்கக்கா, வாங்க! உங்களுக்குன்னே ஒரு சரக்கு வச்சிருக்கேன்!" என்று தலையை ஆட்டியது.

ஓணான் பிறவியிலேயே தலையாட்டுகிற இனம். கேட்டாலும் ஆட்டும், கேட்காவிட்டாலும் ஆட்டும். சாம்பிக்கு இது தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் களைத்துப் போனவர்களுக்கு எதிரில் ஒருவர் தலையாட்டினால் போதும், மனசு அப்படியே சாய்ந்துவிடுகிறது.

அங்கே ஒரே கூட்டத்துக் கிடாரிகள் இரண்டு நின்றன. ஒன்று செவலை. எண்ணெய் தேய்த்துவிட்டது போல உடம்பு பளபளவென்று இருந்தது. இன்னொன்று கறுப்பு நிறக் காரி. மேலெல்லாம் புழுதி. ஆனால் நான்கு காலும் தூண் மாதிரி நேராக நின்றன. இடுப்பு நல்ல அகலம். கண்ணும் சாதுவாக இருந்தது.

"இந்தக் காரி எப்படி?" என்று கேட்டாள் சாம்பி.

"ஐயையோ! அந்தப் பக்கமே திரும்பாதீங்க!" என்றது ஓணான். "அவ வாலுக்கு மேல பாருங்க. துடைப்பச் சுழி! போற இடத்தைத் துடைச்சுப் போட்டுடும். இந்தச் செவலையோட முதுகைப் பாருங்க. கோபுரச் சுழி! வந்த இடம் கோபுரமா ஓங்கும்!"

மாட்டின் ரோமம் சுழித்திருக்கும் இடத்தைச் சுழி என்பார்கள். அது எங்கே இருக்கிறது என்று பார்த்து யோகம் சொல்வது சந்தை வழக்கம். அதைச் சொல்லத் தரகர் எழுந்து நடக்கக்கூட வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லலாம்.

"பல்லைக் காட்டும்மா" என்றாள் சாம்பி.

செவலை வாயைத் திறந்தாள். அன்று காலையிலிருந்து அது ஒன்பதாவது தடவை. சாம்பி எட்டிப் பார்த்தாள். வயசு சரியாகத்தான் இருந்தது.

"சரி, மூடிக்கோ."

செவலை மூடிக்கொண்டாள். யாரும் வேறெதுவும் கேட்கவில்லை.

அப்போது காரி ஓரடி முன்னால் வந்தாள். "அத்தை, நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சும்மா இருடி! துடைப்பச் சுழிக்கு வாய் ஒண்ணுதான் குறைச்சல்!" என்று சீறியது ஓணான்.

சாம்பி காரியைப் பார்த்தாள். என்னவென்று கேட்டிருக்கலாம். ஆனால் கால் விண்விண்ணென்று தெறித்தது. "அப்புறம் பாத்துக்கலாம்மா. கால் கடுக்குது" என்றாள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். தாயைப் பார்க்காமல் கிடாரியை வாங்கக் கூடாது என்பது சாம்பிக்கு அத்துப்படி. தாய் எத்தனை ஈற்று ஈன்றாள், கன்று எப்படிப் பிறந்தது என்று முதல் சந்தையில் அரை நாள் விசாரித்தவள்தான் அவள். இங்கே செவலையின் தாய் இருபதடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்தாள். இருபதே அடி! சாம்பி மகராசி அதை நடக்கவில்லை.

"இதோட தாய் எப்படி?" என்று நின்ற இடத்திலிருந்தே ஓணானிடம் கேட்டாள்.

ஓணான் தலையை ஆட்டியது.

பிறகு பேரம். புளியந்தோப்பில் விலையை வாய்விட்டுப் பேச மாட்டார்கள். தேக்கிலைக்கு அடியில் குளம்பை வைக்க வேண்டும். தரகர் அதில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் விற்கிற கூட்டம் வாங்குகிறவரின் புல்லை ஒரு வருஷம் மேயலாம். ஊற்றங்காட்டில் கோடையிலும் பச்சை காயாத இடம் ஊற்றங்கரைப் புல்வெளி ஒன்றுதான். அதுவரை வேறு எந்தக் கூட்டத்தையும் அவர்கள் அங்கே விட்டதில்லை. ஓணான் ஐந்து தட்டு தட்டியது. சாம்பி குளம்பை இழுத்தாள். நாலு தட்டியது. மறுபடி இழுத்தாள். மூன்றில் முடிந்தது.

"மூணு வருஷம் கரையை விட்டுட்டு நாம எங்கக்கா மேயறது?" என்று மெதுவாகக் கேட்டான் மொட்டைக்கொம்பன்.

"கன்னு பொறந்தா எல்லாம் சரியாப் போயிடும் தம்பி" என்றாள் சாம்பி.

செவலை ஊற்றங்காட்டுக்கு வந்தாள். விற்ற கூட்டம் ஆற்றைத் தாண்டி வந்து ஊற்றங்கரையில் மேய ஆரம்பித்தது. சாம்பியின் கூட்டம் பாறைப் பக்கம் போய்க் காய்ந்த சருகை மென்றது. மற்ற கிழப் பசுக்கள் இரண்டும் முணுமுணுக்கவில்லை. கன்று வரப்போகிறதே!

மாதம் மூன்று போயிற்று. ஆறும் போயிற்று. வருஷமே திரும்பிவிட்டது. செவலை பருவத்துக்கே வரவில்லை. மழை வந்து நின்றது. மொட்டைக்கொம்பனின் பின்னங்கால் முழுக்க விழுந்துவிட்டது. இனி அவனால் எழுந்து நிற்பதே பெரிய பாடு.

ஒருநாள் அவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. படுத்த இடத்திலிருந்தே கத்தினான். "எங்களை ஏமாத்திட்டியே! உன்னால எங்க கூட்டமே போச்சு!"

செவலை அழவில்லை. அலுப்போடு சொன்னாள். "மாமா, நானும் ஒரு காளைக்கன்னும் ரெட்டையாப் பொறந்தோம். அப்படிக் காளையோட ரெட்டையாப் பொறக்கிற கிடாரிக்குப் பெரும்பாலும் சினை பிடிக்காது. எங்கம்மாவைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பா. நானும் சொல்லியிருப்பேன். என் வாயைத் திறக்கச் சொன்னீங்க, பல்லைப் பாத்தீங்க, மூடச் சொன்னீங்க. பேசச் சொல்லவே இல்லையே!"

மொட்டைக்கொம்பன் சாம்பி பக்கம் திரும்பினான்.

"அவளை விடு தம்பி. அவ என்ன பண்ணுவா? தப்பு என்னுது" என்றாள் சாம்பி. செவலையின் கழுத்தை ஒரு தடவை நக்கிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் சாம்பி ஊற்றங்கரைக்குத் தனியாக நடந்து போனாள். மேயப் போகவில்லை. மேய அவளுக்கு உரிமையும் இல்லை. சும்மா பார்க்கத்தான் போனாள்.

புல்வெளி நடுவில் காரி நின்றிருந்தாள். துடைப்பச் சுழி என்று யாரும் வாங்காததால் அவள் தன் கூட்டத்தோடேயே இருந்துவிட்டாள். அவள் மடியில் ஒரு கன்று முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. பிறந்து பத்து நாள் இருக்கும்.

"வாங்க அத்தை" என்றாள் காரி.

சாம்பி கன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் வாயோரம் நுரை. காலுக்குக் கீழே பச்சைப் புல். எல்லாம் ஒருகாலத்தில் இவளுடைய புல். வயிறு எரிந்தது. ஆனாலும் கன்றைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது.

"காரி, அன்னிக்குச் சந்தையில என்கிட்ட என்னமோ சொல்ல வந்தியே. என்ன அது?"

"செவலை ரெட்டைப் பொறவின்னு சொல்ல வந்தேன் அத்தை. நீங்க அப்புறம் பாத்துக்கலாம்னீங்க."

"ஆமாம்மா, கால் கடுத்துச்சு" என்றாள் சாம்பி.

பால் குடித்து முடித்த கன்று துள்ளி வந்து அவள் முகத்தை முகர்ந்தது. சாம்பி அதை நக்கவில்லை. திரும்பிப் பாறைப் பக்கம் நடந்தாள். இந்த முறை இருபதடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

ஊற்றங்காட்டில் இப்போது சாம்பியின் கூட்டம் இல்லை.

ஓர் உயிரை நம்பி வாழ்க்கையை ஒப்படைக்கும் முன் அந்த உயிரிடமே நாலு வார்த்தை கேட்க அலுத்துக்கொள்பவர், பிறகு காலமெல்லாம் அலுத்துக்கொள்ள வேண்டியதுதான்.