சங்கில் அடைத்த தவறு

முன்னொரு காலத்தில், பெய்த மழையை எல்லாம் ஒரே ஏரியில் பிடித்து வைத்த ஒரு ராஜ்யம் இருந்தது. ஏரியின் மதகுக்கு அடியில் ஒரு பூதம் தூங்கியது; அது விழித்து முழுசாகப் பார்த்துவிட்டால், எதிரே நிற்பவர் கல்லாகிவிடுவார். மதகைத் திறந்து மூட அரசர் காவலர்களை வைத்திருந்தார். சாவி கை மாறும்போது மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். கண்டது என்ன? செய்தது என்ன? தவறியது என்ன?

அங்கே புதிதாகச் சேர்ந்தவள் அழகம்மை. அவள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள்.

ஒருநாள் சாவி இறுகிக்கொண்டது. சாவியைச் சற்றே பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், பூதம் கண் விழித்து உறுமியது! பதறிப்போய், கஞ்சிக்கு வைத்திருந்த உப்பை ஒரு பிடி அள்ளி வீசினாள். பூதம் கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது.

மதகோரம் உட்கார்ந்தவள் முன்னால் ஒரு மந்திரவாதி வந்தான். கையில் வெள்ளைச் சங்கு.

"வெளியே சொன்னால், படிக்காத வீட்டுப் பெண் வேறென்ன செய்வாள் என்பார்கள். இதற்குள் சொல். யார் காதுக்கும் போகாது."

"விலை?"

"உன்னிடம் எதுவும் வாங்கமாட்டேன்," என்று சிரித்தான்.

அவள் சொன்னாள். சங்கு வாயை மூடிக்கொண்டது. அதை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

மாலையில் அடுத்த காவலுக்குத் தில்லையான் வந்தார். "என்ன தங்கச்சி, முகம் வெளுத்துக் கிடக்கு? பூதம் உன்னைப் பொண்ணு கேட்டுச்சா? சரி, கண்டது?"

"கொக்குக் கூட்டம், அண்ணே."

"செய்தது?"

"ரெண்டு தடவை மதகு திறந்தேன்."

"தவறியது?"

"ஒண்ணுமில்ல."

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாளும் கேட்டார், ஒண்ணுமில்ல. மூன்றாம் நாளும் கேட்டார், ஒண்ணுமில்ல.

நான்காம் நாள் காலை அவள் வந்தபோது, தில்லையான் கல்லாக நின்றார். சாவி பின்பக்கம் திரும்பியிருந்தது. பூதம் கர்ஜித்தது. உப்பை வீசினாள், தூங்கியது. கல் மட்டும் கல்லாகவே நின்றது. ஊர் கூடிவிட்டது; தலைமைக் காவலரும் வந்து நின்றார்.

"சங்கில் அடைத்ததை எல்லார் முன்னும் சொன்னால் கல் இளகும்," என்று கரையிலிருந்து மந்திரவாதி கத்தினான். "சொல்வாயா?"

வாயைத் திறந்தாள். தலைமைக் காவலர் முகத்தைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம் தயங்கினாள். பிறகு முழுவதையும் சொன்னாள்.

சங்கு தூள்தூளானது. தில்லையானின் கால் இளகியது, நெஞ்சு இளகியது, முகம் இளகியது. சாவி பிடித்த வலது கை மட்டும் கல்லாகவே நின்றுவிட்டது. அவள் தயங்கிய நேரத்துக்கு விலையாக அந்தக் கை போயிற்று.

அப்போது தலைமைக் காவலர் தன் இடுப்பிலிருந்து பழுப்பேறிய ஒரு சங்கை எடுத்தார். "இருபது வருஷம் முன்னால நானும் சாவியைப் பின்னால திருப்பினேன் அம்மா," என்றார். அதுவும் உடைந்தது. மந்திரவாதி புகையாகிப் போனான்.

தில்லையான் கோபப்படவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் ஒரு பிடி உப்பு கொண்டு வந்திருப்பேனே தங்கச்சி," என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று முதல் காவலர்களின் தவறுகளை மதகுச் சுவரில் செதுக்கச் சொன்னார் அரசர். முதல் வரி அழகம்மையுடையது. சுவருக்குக் கீழே ஓர் உப்புப் பானை. அதற்குப் பிறகு பூதத்தால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. அழகம்மையே தலைமைக் காவலரானாள். ஏரி நிறைந்தது, வயல் விளைந்தது, ஊர் வாழ்ந்தது.

ஆனாலும் தினமும் மாலையில் மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, அவள் சாவியை நீட்டுவாள். தில்லையான் இடது கையால் வாங்கிக்கொள்வார்.