மூன்று மாதம் கழித்து வரவும்

டாக்டர் அபயாம்பாளிடம் தழும்பு மருத்துவம் கற்க இரண்டு மருத்துவர்கள் ஒரே நாளில் சேர்ந்தார்கள். மெஹருன்னிசாவுக்குக் கத்தி கிடைத்தது. வேதகிரிக்கு ஊசி அறை கிடைத்தது. வேதகிரி ஆசிரியரைவிட நான்கு வயது மூத்தவர்.

காயம் ஆறிய பிறகும் வளர்வதை நிறுத்தாத தழும்புக்குக் கீலாய்டு என்று பெயர். நண்டின் கொடுக்கை நினைத்து வைத்த பெயர் அது. வெட்டி எடுப்பது அரை மணி நேர வேலை. அதன் பிறகு மாதாமாதம் ஊசி போட்டு, அந்த இடத்தை அழுத்தும் கிளிப்பும் மாட்டாவிட்டால், பெரும்பாலும் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். ஆனால் நோயாளிகள் ஜாங்கிரியோடு போவது வெட்டியவரிடம். ஊசி அறைக்கு வந்தால் "மெதுவா டாக்டர், மெதுவா!" என்று அலறுவார்கள்.

தலைமை ஆசிரியை எஸ்தரின் காதிலிருந்து எலுமிச்சையளவு கீலாய்டை மெஹருன்னிசா எடுத்தார். தையல் பிரித்த பின் எஸ்தர் ஊசிக்கு வந்தார். அவர் வாய் ஓயவில்லை.

"என்ன கை டாக்டர் அந்தப் பொண்ணுக்கு! இருபது வருஷமா முடியை இழுத்துவிட்டு மறைச்சேன். இன்னைக்குக் கொண்டை போட்டிருக்கேன், பாருங்க."

வேதகிரி பார்த்தார். ஊசியைப் போட்டார். பிறகு சீட்டில் எழுதினார்: கிளிப் வேண்டாம். மூன்று மாதம் கழித்து வரவும்.

அன்று மாலை அவர் ஆசிரியர் அபயாம்பாளின் அறைக்குப் போனார்.

"ஒரு கேள்வி மேடம். கத்தி ஏன் எனக்கில்லை?"

"எப்போதிலிருந்து இந்தக் கேள்வி?"

"போன ஆடியில் இருந்து. பட்டியல்ல என் பெயரை இரண்டாவதா எழுதினீங்க. செவ்வாய்க்கிழமை. மூணேகால் மணி."

"அகர வரிசையில எழுதினேன், வேதகிரி."

"அது அன்னைக்கே தெரியும் மேடம்."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. நாளைக்கு இன்னொரு காது இருக்கு. கத்தி உங்களுக்கு."

"அப்போ மெஹருன்னிசா?"

"ஊசி அறைக்கு."

வேதகிரி சிரிப்பை அடக்கப் பார்த்தார். அது மீசைக்கு வெளியே வந்துவிட்டது.

ஆசிரியர் இழுப்பறையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். எஸ்தரின் சீட்டு.

"வாசல்ல என்கிட்ட காட்டினாங்க. கிளிப் மாட்டி, அடுத்த மாசம் வரச் சொல்லி, வேற சீட்டு கொடுத்து அனுப்பிட்டேன்."

வேதகிரி தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நீங்க வெட்டுற காது, ஊசிக்கு மெஹருன்னிசாகிட்டதான் போகும்," என்றார் ஆசிரியர். "எப்படி எழுதணும்னு அவளுக்கு ஒரு மாதிரிச் சீட்டு வேணும். இதையே கொடுத்துடட்டுமா?"