துறைக்கோட்டையைத் தூக்கிக் கொடுத்த சொக்கப்பர்

உத்தமராயர் என்று ஒரு ராஜா. அவருக்கு ஒரு தம்பி, துங்கராயர். அண்ணன் தம்பி இருவர், சிம்மாசனம் ஒன்று. சண்டைக்குக் கேட்பானேன்?

தலைநகரம் துறைக்கோட்டை. ஆற்றுக்கு நடுவே ஒரு திட்டில் இருந்தது. இவர்களுடைய தாத்தா, காற்று வாங்கத் தோதான இடம் என்று பார்த்துக் கட்டியது. காற்று பிரமாதமாக வரும். நெல்தான் படகில் வரவேண்டும். போதாக்குறைக்கு அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மகுடம் சூடியவர் ஒரு ராத்திரிகூடக் கோட்டைக்கு வெளியே தங்கக் கூடாது. தங்கினால் மகுடம் போச்சு.

தம்பிக்கு இது நன்றாகத் தெரியும். அவர் அக்கரையில் ஹாயாக ஊர் ஊராகப் போய் நெல்லை அள்ளினார். படகுகளை மறித்தார். அண்ணனோ பெரும்படையோடு கோட்டைக்குள் உட்கார்ந்து காற்று வாங்கினார்.

"ராஜா நகர முடியாது. ராஜா நகராமல் படையும் நகராது" என்றார் தளபதி மல்லையன். வருஷக்கணக்காக அவர் சொன்ன ஒரே யோசனை அதுதான்.

அரசவையில் சொக்கப்பர் என்று ஒரு விகடகவி இருந்தார். மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"பிரபு, கோட்டையைத் தம்பிக்குக் கொடுத்துவிடலாம்."

"என்ன ஓய், உமக்குத் தலை கனக்கிறதா? இறக்கி வைக்கச் சொல்லட்டுமா?"

"அறுவடை வரைக்கும் இருக்கட்டும், பிரபு. அதற்குள் தம்பி உங்கள் காலில் விழாவிட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்."

ராஜா யோசித்தார். அரண்மனையிலேயே ஒருவேளைக் கஞ்சிதான் ஓடிக்கொண்டிருந்தது. பசி வந்தால் ராஜாவுக்கும் புத்தி வரும் போலிருக்கிறது. மகுடத்தைச் சிம்மாசனத்தில் வைத்துவிட்டு, ஒரு விடியற்காலையில் படையோடு மேலைத்துறையில் படகேறினார். கண்ணீர் விட்டுக்கொண்டேதான் ஏறினார்.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. நாட்டில் பாதி கையில் இருந்தும் அவரை ஒருவரும் ராஜா என்று சொன்னதில்லை, பாவம். கீழைத்துறை வழியாக ஓடோடி வந்து மகுடத்தைச் சூடிக்கொண்டார். அண்ணன் திரும்பி வந்துவிடுவாரோ என்று பயந்து மொத்தப் படையையும் உள்ளே கொண்டுவந்து அடைத்தார். கதவைத் தாழ் போட்டார். ஆற்றுக் காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது.

இப்போது அண்ணன் ஊர் ஊராகப் போனார். நெல் அவர் கையில். படகும் அவர் கையில்.

அறுவடை முடியவில்லை, தம்பியிடமிருந்து தூதன் வந்துவிட்டான். பேசுவதற்கு முன்னால் சோறு கேட்டான். சாப்பிட்டுவிட்டுச் சொன்னான்: "கோட்டையையும் மகுடத்தையும் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டுமாம். உங்கள் காலில் விழுந்து கேட்கச் சொன்னார். அவரை வெளியே விட்டால் போதுமாம்."

உத்தமராயர் துள்ளி எழுந்தார். "எடுங்கள் படகை. கோட்டைக்குப் போய் மகுடம் சூட்டிக்கொள்கிறேன்."

"தாராளமாக, பிரபு" என்றார் சொக்கப்பர். "அடுத்த வருஷம் உங்கள் தூதனுக்கும் நான் இங்கேயே சோறு போடுகிறேன்."

ராஜா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வேறென்ன செய்வது ஓய்?"

"மகுடம் மட்டும் இங்கே வரட்டும். இந்த வயல்களுக்கு நடுவிலேயே சூட்டிக்கொள்ளுங்கள். இதுதான் இனித் தலைநகரம்."

தளபதிக்குப் பொறுக்கவில்லை. "வழக்கம் என்ன ஆவது? ராஜா கோட்டைக்கு வெளியே தங்கக் கூடாதே."

"அதைத்தான் நானும் சொல்கிறேன், தளபதியாரே. இங்கே கோட்டையே கட்ட வேண்டாம். கோட்டை இல்லாத ஊரில் வெளியே ஏது?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று அந்த வயிற்றில் சோறும் இருந்தது. சிரித்து முடித்து, "சொக்கப்பரே, உமக்குப் பரிசு துறைக்கோட்டைதான். இன்றைக்கே குடி போம்" என்றார்.

சொக்கப்பர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"தலையையே எடுத்துக்கொள்ளுங்கள், பிரபு."